லக்கோட்டா ஷீட்டின் சிவப்பு மை

போன மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த உலர்தாவரக் கூடத்தில் இப்போது இருக்கும் மேகலா என்ற பெண் எழுதியிருந்தாள். காய்ந்த செடிகளைக் கெட்டித் தாளில் தைத்து, லேபிள் ஒட்டி, அலமாரியில் அடுக்கிக் காப்பாற்றும் இடம் அது. அங்கே இருக்கிற ஷீட்டுகளை எல்லாம் ஒன்றுவிடாமல் படம் எடுக்கிறார்களாம். “அம்மா, லக்கோட்டா மர ஷீட்டுகளின் கட்டுக்குள் ஒரு ஷீட் இருக்கிறது. பூவும் பழமுமாக அவ்வளவு அழகு. ஆனால் கீழே யாரோ சிவப்பு மையில் ஐந்தாறு வரி கிறுக்கியிருக்கிறார்கள். கடைசியில் உங்கள் பெயர் மாதிரி இருக்கிறது. படம் எடுக்கும்போது அந்த இடத்தை ஒரு வெள்ளைத் தாளால் மறைத்துவிடட்டுமா? உங்களுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதே” என்று கேட்டிருந்தாள்.

கிறுக்கலாம்! மிஷன் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். அந்த ஆறு வரியையும் அழுதுகொண்டே எழுதினேன் என்பது உண்மைதான். அதற்காகக் கிறுக்கல் என்று சொல்லிவிடுவதா? கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். அப்புறம் பாவம், அவளுக்கு என்ன தெரியும் என்று தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

யுத்த காலத்தில், குண்டு விழும் என்று பயந்து பட்டணம் காலியான சமயம் அது. ஆபீஸ்கள் எல்லாம் ஆளுக்கொரு ஊராகப் போயின. எங்கள் கூடம் திருத்தணிக்கு வந்தது. தகரப் பெட்டிகளில் ஷீட்டுகளை அடுக்கி ரயிலில் ஏற்றி, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு பெரிய வீட்டில் இறக்கினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள், யாரோ ஜமீன்தார் நகைநட்டோடு ஓடி வந்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். பெட்டியைத் திறந்தால் காய்ந்த தழை. ஊரே சிரித்தது.

என் நைனா மிஷன் பங்களாவின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எட்டாவது முடித்துவிட்டு மிஷன் தையல் வகுப்பில் தலையணை உறைகளுக்குப் பூப்போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்தில் ஷீட் தைக்கிறவர் பட்டணத்தோடு நின்றுவிட்டதால், தையல் தெரிந்த ஆள் தேடினார்கள். அப்படி உள்ளே போனவள்தான். ஆறு மாதத்தில் வேலை பிடிபட்டது. அந்த ஆறு மாதத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விரல் முழுக்கப் பசை, மூக்கு முழுக்கத் தும்மல்.

வேலையைச் சொல்கிறேன். காட்டிலிருந்து வந்த கிளையைப் பழைய செய்தித்தாளுக்குள் விரித்து, இலையில் இரண்டை மட்டும் மல்லாத்தி வைத்து, மரச்சட்டத்துக்கு நடுவில் வைத்து வாரால் இறுக்க வேண்டும். தினமும் தாள் மாற்ற வேண்டும். மழைக்காலமானால் இரண்டு வேளை. காய்ந்ததும் பூச்சி அரிக்காமல் இருக்க விஷ மருந்தில் தோய்த்து எடுத்து, மறுபடி உலர்த்தி, தாளில் ஒட்டி, தடித்த காம்புகளை நூலால் தைத்து, பின்புறம் முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு வெளியில் தெரிந்தால் கூடத்துக்குப் பொறுப்பான எங்கள் கியூரேட்டர் அந்த ஷீட்டை என் மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார்.

அவர் பெயர் ரங்கையா. பட்டணத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, ஆபீசில் இங்கிலீஷ், எங்களோடு தமிழ். மூன்றிலும் கோபித்துக்கொள்வார். ஒவ்வொரு ஷீட்டையும் மோந்து பார்ப்பார். லேபிளை முதலில் பென்சிலில்தான் எழுதுவார். மூன்று நாள் அதை மேஜையில் போட்டு வைத்துவிட்டு, நான்காம் நாள் திரும்பப் படித்து, சந்தேகம் இல்லையென்றால்தான் மையைத் தொடுவார். மரம் எதுவானாலும் மூன்று கேள்வி கேட்பார். யார் நட்டது? யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? யார் பறிக்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத மரம்தான் அவருக்குக் காட்டு மரம். லேபிளில் செடி எடுத்தவர் பெயர் இருக்கும், அது என்ன செடி என்று கண்டு சொன்னவர் பெயர் இருக்கும். தைத்தவர் பெயர் எங்கும் இருக்காது. அதுதான் வழக்கம்.

அந்தச் சமயத்தில் அவர் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். வெளிதேசத்திலிருந்து தோட்டத்துக்கு வந்து, அப்புறம் வேலி தாண்டிப்போய்த் தானாகவே வளர ஆரம்பித்துவிட்ட மரங்களின் பட்டியல். அதில் லக்கோட்டா ஒரு தலைவலி. மஞ்சளாக, எலுமிச்சையில் பாதி இருக்கும், புளிப்பும் இனிப்புமான பழம். குளிர்ந்த மலை ஊர்களில் பங்களாவுக்குப் பங்களா நட்டிருப்பார்கள். எங்கள் அலமாரியில் பழைய ஷீட் ஒன்று இருந்தது. “திருத்தணி மலைச் சரிவு, ஓடையோரம், காட்டில் உள்ளது போல் தெரிகிறது” என்று எவரோ எழுதி வைத்திருந்தார்கள். அதிலும் பூ இல்லை, பழம் இல்லை, நான்கு இலை மட்டும்.

“தெரிகிறதாம்! இந்த வெயில்ல லக்கோட்டா காட்டுல வளருதாம்! பங்களாவுல ஒடிச்சுட்டு ஓடைன்னு எழுதிட்டான். இதை அடிச்சுடப் போறேன்” என்றார் சார். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “ஏம்மா ரூத், உங்க ஊர்தானே. நீ பார்த்திருக்கியா?”

“எங்க பங்களாவுல ஒண்ணு இருக்குங்க சார். கார்த்திகையில பூக்கும். பிஞ்சு வெச்சு உதிர்ந்துடும். மலையில பார்த்ததில்லைங்க.”

“அடிச்சுடலாம் அப்போ.”

“ஒரு வாரம் குடுங்க சார், கேட்டுப் பார்க்கிறேன்” என்றேன். ஏன் சொன்னேன் என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். யுத்தம் முடியப்போகிறது, கூடம் பட்டணத்துக்குத் திரும்பப் போகிறது என்று பேச்சு. தற்காலிக ஆட்களைக் கூட்டிப்போகும் எண்ணம் யாருக்கும் இல்லை. எனக்கு அந்த வேலை வேண்டும். திரும்பவும் தலையணை உறைக்குப் போனால் செத்துவிடுவேன் என்று இருந்தது. எதையாவது கண்டுபிடித்துக் கொடுத்து, இவள் இல்லாமல் ஆகாது என்று சாரை நினைக்க வைக்க வேண்டும் என்று பார்த்தேன்.

எங்கள் கூடத்து அட்டெண்டர் முனுசாமி அண்ணன் ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக்காரர். அவரைக் கூட்டிக்கொண்டு மாசி மாதத்தில் மலைக்குப் பின்புறம் அலைந்தேன். மலை மேல் செருப்புப் போட்டு நடக்கமாட்டார். என்னையும் விடமாட்டார். “நீ ஏசுசாமி ஆளாவே இரு, கால்ல முள்ளு குத்தினா முருகனைத் திட்டாதே, அவ்ளோதான்” என்பார். நான்காம் நாள், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கன்னியம்மாவைப் பார்த்தோம். அடிவாரத்தில் நிலம் வைத்திருக்கும் குடும்பம். மஞ்சள் பழம், உள்ளே பெரிய கொட்டை, இலைக்குப் பின்னால் கம்பளி மாதிரி இருக்கும் என்று சொன்னேன்.

“ஆங், கீதே! அந்தப் பாறை இடுக்குல மூணு மரம் கீது. கொட்டப்பழம்னு சொல்லுவோம். நீ இன்னா அதுக்கு வேற பேரு வெச்சிகினு கீறே?”

“யாரு நட்டதுங்க அக்கா?”

“யாரு நடுவாங்க அங்க? ஆளே எறங்க முடியாது. வவ்வாலு துன்னுட்டுப் போடுது, மொளைக்குது.”

“தண்ணி யார் ஊத்துறாங்க?”

அவள் முனுசாமி அண்ணனைப் பார்த்தாள். “இந்தப் பொண்ணுக்கு வெயிலு தலைக்கேறிகீதா?” என்று கேட்டாள்.

இரண்டு பாறைகளுக்கு நடுவில் வெயில் படாத இடுக்கு. சுனையிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருந்தது. அங்கே நின்றன மூன்று மரங்கள். பெரியதில் பழம் இருந்தது, கோலிக்குண்டு அளவுதான், ஆனால் பழுத்திருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முனுசாமி அண்ணன் கத்தரியை எடுக்கும் முன் மலை உச்சியைப் பார்த்துக் கும்பிட்டு, “சாமி, ஒரு கெளைதான், ஆபீசுக்கு” என்று உத்தரவு கேட்டார். பிறகுதான் வெட்டினார்.

இனிமேல்தான் நான் செய்த வேலை வருகிறது.

கிளை நன்றாகக் காய்ந்தது. தாளில் வைத்துப் பார்த்தேன். கீழ்ப்பாதி நிறைந்துவிட்டது, மேல்பாதி காலி. பூ இல்லாத ஷீட்டை சார் “மொட்டை ஷீட்” என்பார். மாசியில் லக்கோட்டா பூக்காது. ஆனால் என் பெட்டியில் பூ இருந்தது. கார்த்திகையில் கை பழகுவதற்காக பங்களா மரத்திலிருந்து ஒரு கொத்தை ஒடித்து உலர்த்தி வைத்திருந்தேன். அதே மரம்தானே, அதே ஜாதிதானே என்று நினைத்தேன். துணி குறைந்தால் அதே நிறத்தில் ஒட்டுப் போடுகிற தையல்காரப் புத்தி. பூக்கொத்தை மேலே வைத்து, இரண்டும் ஒரே கிளை போலத் தெரிகிற மாதிரி, காம்போடு காம்பு சேர்த்துத் தைத்தேன். முடிச்சு பின்னால். என் ஆயுசில் அவ்வளவு நேர்த்தியாக வேறொரு ஷீட் தைத்ததில்லை.

எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய தப்பு இல்லை. ஒரு ஷீட் என்றால் ஒரு மரம், ஒரு இடம், ஒரு நாள். அதுதான் அதன் உயிர். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் தைத்தேன்.

சார் ஷீட்டை மோந்து பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். லென்ஸை எடுத்துப் பூவைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார், திரும்பப் பூவைப் பார்த்தார். “மாசியில பூவா?” என்றார்.

எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. பூவும் பழமும் ஒரே சமயத்தில் ஒரே கிளையில் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் யோசிக்கவே இல்லை. ஆனால் அவர் சந்தேகப்படவில்லை. சந்தோஷப்பட்டார்! அவர் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. “முனுசாமி, காபி கொண்டா. ரூத்துக்கும் கொண்டா” என்று கத்தினார். இந்த வெப்பத்தில் லக்கோட்டா தன் பருவத்தையே மாற்றிக்கொண்டிருக்கிறது, பழம் இருக்கும்போதே மறுபடி பூக்கிறது, இதை இதுவரை யாரும் எழுதியதில்லை என்று அன்று மத்தியானமே இரண்டு பக்கம் எழுதிவிட்டார். “நீ பட்டணத்துக்கு வர்றியாம்மா? உனக்காக எழுதறேன்” என்றார்.

நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அதுதான். கேட்டதும் காபித் தம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டேன்.

மூன்று நாள் லேபிள் பென்சிலிலேயே கிடந்தது. அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நைனா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சொல்லாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு மரத்துக்கும் இலையும் ஒரே மாதிரி, பூவும் ஒரே மாதிரி. ஆனால் அந்த இரண்டு பக்கம் அச்சாகி, எங்கோ ஒருவர் அதை நம்பி, மாசியில் பூத்த மரத்தைத் தேடிக்கொண்டு எங்கள் மலையில் ஏறி இறங்குவாரே என்று நினைத்தபோது என்னால் தாங்க முடியவில்லை. அதைவிட, சார் காபி வாங்கிக் கொடுத்தது தாங்க முடியவில்லை.

நான்காம் நாள் காலை அவர் மைக்கூட்டைத் திறந்தார். மேஜைக்கு எதிரில் போய் நின்றேன்.

“சார், மையைத் தொடாதீங்க. மேல இருக்கிற பூ மலைப்பூ இல்லைங்க. பங்களாப் பூ. கார்த்திகையில எடுத்தது. நான்தான் சேர்த்துத் தெச்சேன்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் கேட்டது மூன்று கேள்வி. “பூ எந்த மரம்? யார் ஒடிச்சது? எந்த நாள்?” பதில் சொன்னேன். அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்து நான்காகக் கிழித்தார். கிழித்த பிறகுதான் திட்டினார். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடித்தார். “நான் இன்னிக்கு இதை அனுப்பியிருந்தா? என் பேரைச் சொல்லிச் சிரிச்சிருப்பானுங்க! ஏன்டி, நீ தெச்சது துணியா?” என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. முனுசாமி அண்ணன் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

“பூவைப் பிரிச்சு எடுத்துடறேன் சார்” என்றேன் அழுதுகொண்டே.

“தொட்டா கையை ஒடிப்பேன். பிரிச்சா தப்பு நடக்கலேன்னு ஆயிடும். அது அப்படியே இருக்கும். நீ செஞ்சதை நீயே எழுது. சிவப்பு மையில. முழுப் பேரும் போடு.”

எழுதினேன். மேலே இருக்கும் பூக்கொத்து மிஷன் பங்களாவில் நட்டு வளர்த்த மரத்தினுடையது. கீழே இருக்கும் பழக்கிளை மலைப் பின்புறம், சுனைப் பாறை இடுக்கில், யாரும் நடாத மரத்தினுடையது. இரண்டும் இரண்டு பருவத்தில் எடுத்தவை. இரண்டையும் ஒன்றாகத் தைத்தது என் தவறு. இந்த ஷீட்டை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். ரூத் ஞானப்பூ தேவசகாயம். ஆறு வரி.

அவர் படித்துப் பார்த்தார். “கார்த்திகை வரைக்கும் இரு. இனி உன் ஷீட்டை நம்பி எழுத மாட்டேன், நானே கண்ணால பார்க்கணும். மலை மரம் அங்கேயே பூத்தா அது அங்கேயே பெருகுதுன்னு நம்பலாம். பூக்கலேன்னா பட்டியல்ல லக்கோட்டா இல்லை. அப்புறம் உன் விஷயத்தைப் பார்க்கலாம்.” அதற்கப்புறம் எட்டு மாதம் என்னோடு தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. ஷீட்டுகளைக் கவிழ்த்து வைப்பது மட்டும் நிற்கவில்லை. முடிச்சு சரியாக இருந்த ஷீட்டையும் கவிழ்த்து வைத்தார்.

யுத்தம் முடிந்தது. ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டம் வந்து போனது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தகரப் பெட்டிகளுக்கு வர்ணம் பூச ஆள் வந்தபோது, கூடம் கிளம்புவது நிச்சயம் என்று தெரிந்துவிட்டது. கார்த்திகை பிறந்து பத்து நாள் கழித்து, தூறலில், சாரே எங்களோடு மலைக்கு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையை முனுசாமி அண்ணனிடம் கொடுத்துவிட்டு, பாறையைப் பிடித்துப் பிடித்து இறங்கினார்.

பெரிய மரத்தைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. இடுப்புக்கு மேல் வெட்டியிருந்தார்கள். கன்னியம்மா மேலே நின்று எட்டிப் பார்த்தாள்.

“எங்க ஊட்டுக்காரருதான் கோடாலிக்குப் பிடி போட எடுத்துகினு போனாரு. உங்க ஆபீசு மரம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உட்டிருப்பாரு இல்ல?”

இரண்டாவது மரத்தில் ஒரு மொக்குக்கூட இல்லை. சார் ஈரப் பாறையில் உட்கார்ந்து கால் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்போது முனுசாமி அண்ணன் மூக்கை நீட்டினார். “இன்னா வாசனை இது? யாரோ பாதாம் அல்வா கிண்டுற மாதிரி?”

வாசனை வந்தது மூன்றாவது மரத்திலிருந்து. மற்ற இரண்டுக்கும் மேலே, பாறைக்குள் சாய்ந்து வளர்ந்திருந்ததால் கீழிருந்து பார்க்கும்போது உச்சி தெரியவில்லை. நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். உச்சி முழுக்கப் பூ. பழுப்புக் கம்பளிக் காம்பில் வெள்ளை வெள்ளையாக, ஈ மொய்த்துக்கொண்டு. “பூத்திருக்கு சார்! பூத்திருக்கு!” என்று கத்தினேன். மலைக்கே கேட்டிருக்கும்.

“கத்தாதே. கீழ பாரு” என்றார் அவர். அவர் உட்கார்ந்திருந்த பாறையின் வெடிப்பில் விரல் நீளத்தில் கன்றுகள். ஒன்று, இரண்டு, எண்ணிக்கொண்டே போனார். சேறும் தூறலுமாக மண்டியிட்டுக்கொண்டு, ஒரு கன்றின் இலையைத் திருப்பி, பின்புறத்துக் கம்பளியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். “யாரும் நடலை” என்றார். “யாரும் தண்ணி ஊத்தலை” என்றார் அடுத்த கன்றைத் தொட்டுக்கொண்டே. முனுசாமி அண்ணன் உச்சியைப் பார்த்துக் கும்பிட்டு, இந்தத் தடவை இரண்டு கிளைக்கு உத்தரவு வாங்கினார்.

ஒரே மரத்துப் பூவை ஒரு ஷீட்டில் தைத்தேன். கன்றை இன்னொரு ஷீட்டில், வேரோடு. லேபிள் மூன்று நாள் பென்சிலில் கிடந்து, நான்காம் நாள் மைக்கு மாறியது. லக்கோட்டா பட்டியலில் ஏறியது. எடுத்தவர் என்ற இடத்தில் ரங்கையா என்று எழுதினார். மரத்தில் ஏறியது யார்? இடத்தைக் கண்டுபிடித்தது யார்? கோபம் வந்ததா என்றால், வந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் தற்காலிக ஆள் பெயரை லேபிளில் போடும் வழக்கம் அன்று இல்லை. அவர் வழக்கத்தை மீறுகிற ஆளும் இல்லை.

பெட்டிகளுக்குப் பூட்டுப் போட்ட அன்று என் மேஜைப் பக்கம் வந்தார். “ஊசியெல்லாம் எடுத்து வெச்சியா?”

“எதுக்குங்க சார்?”

“தை பொறந்ததும் ரயில். பட்டணத்துல நல்ல ஊசி கிடைக்காது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த உத்தியோக உத்தரவு. அன்றைக்கு வீட்டுக்கு ஓடியதை நினைத்தால் இப்போதும் மூச்சு வாங்குகிறது. நைனா பங்களா மரத்தடியில் நின்றுகொண்டு, நான் சொல்வது பாதி புரியாமலே, என்னோடு சேர்ந்து சிரித்தார்.

அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கில் ஷீட் தைத்திருக்கிறேன். நிரந்தரமானேன், மேஜை மாறினேன், ரங்கையா சாரின் ஓய்வுக்கு மாலை போட்டேன். நான் ஓய்வு பெறும் வரைக்கும் தைக்கிறவள்தான். எந்த லேபிளிலும் என் பெயர் ஏறவில்லை.

மேகலா, உன் கடிதத்துக்கு இதுதான் பதில். போன கார்த்திகையில் நீயும் அந்த இடுக்குக்குப் போனதாகவும், மரங்களை எண்ணி முடிக்க முடியவில்லை என்றும் கடைசியில் எழுதியிருந்தாயே, அந்த இடத்துக்கு வழி உனக்கு எப்படித் தெரிந்தது? பின்னால் தைத்த நல்ல ஷீட்டின் லேபிளில் “மலைச் சரிவு” என்றுதான் இருக்கிறது. சுனை, பாறை இடுக்கு என்றெல்லாம் எழுதியிருப்பது நீ மறைக்கலாமா என்று கேட்ட அந்த ஆறு வரியில்தான். அந்தக் கட்டடத்து அலமாரிகள் எல்லாவற்றிலும் என் முழுப் பெயரும் இருப்பது அந்த ஒரே ஒரு ஷீட்டில். அதை மறைத்தால் நான் அங்கே வேலையே பார்க்கவில்லை என்று ஆகிவிடும் அம்மா.

மறைக்காதே. நன்றாக வெளிச்சம் போட்டு எடு. படம் கறுப்பு வெள்ளை என்று வேறு எழுதியிருக்கிறாய். அப்படியானால் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு வைத்து, அதில் உன் கையால் எழுதிவிடு: இந்த மை சிவப்பு.